மீனில் உலோகம் அளந்த ஆண்டுகள்: பின்னால் வருகிறவர்களுக்கு

நச்சியல், அதாவது நஞ்சு உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்கிற துறையில் ஆராய்ச்சிக்குப் போக நினைக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் கடற்கரை வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாகப் போகிறவர்களை நினைத்துத்தான். 2017இல் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தேன். வைவா, அதாவது பட்டத்துக்கான கடைசி வாய்மொழித் தேர்வு, முடிந்தது 2023இல். இடையில் போன பணத்தையும் காலத்தையும் நினைத்தால், யாராவது முன்கூட்டியே உட்காரவைத்துப் பேசியிருந்தால் அதில் பாதி மிஞ்சியிருக்கும் என்று தோன்றுகிறது. அப்படிப் பேச எனக்கு ஆள் இல்லை. எங்கள் வீடு பாம்பன் பக்கம். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அம்மா கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து என்கிற கடற்பாசிகளை எடுக்கப் போவார். வீட்டில் பட்டப்படிப்பைத் தாண்டியது நான் மட்டும்தான்.

இந்தத் துறையில் எனக்குப் பிடிப்பு வந்தது எம்.எஸ்சி. வகுப்பில் மினமாட்டா பாடம் நடந்தபோது. ஜப்பானில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை மீதைல் பாதரசம் என்ற கொடிய பாதரச வடிவம் கலந்த கழிவைப் பல ஆண்டுகளாக வளைகுடாவில் விட்டுக்கொண்டிருந்தது. அது மீனில் சேர்ந்தது. மீன் தின்ற பூனைகள் தள்ளாடி விழுந்து செத்தன. 1956இல் நோய் அதிகாரபூர்வமாக வெளியே தெரிந்தபோது, படுக்கையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் மீனவர் குடும்பத்தினர். தாய்க்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, வயிற்றிலிருந்த பிள்ளைக்கு மூளை பாதித்திருந்தது. மற்றவர்கள் அதைத் தேர்வுக்குப் படித்தார்கள். எனக்கு அது என் தெருவைப் பற்றிய பாடமாக இருந்தது, எங்கள் வீட்டிலும் காலையிலேயே மீன் குழம்புதான். தென்கடலில் மன்னார் வளைகுடாத் தீவுகள், வடகடலில் பாக் விரிகுடாச் சேற்றுத்தரை. இரண்டு பக்கத்து மீனிலும் காரீயம், காட்மியம், பாதரசம் எவ்வளவு இருக்கிறது, தினமும் சாப்பிடுகிற எங்களுக்கு அது என்ன செய்யும் என்பதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்தேன். ஆர்சனிக்கையும் சேர்க்கச் சொன்னார்கள். படித்துப் பார்த்துவிட்டு மறுத்தேன். மீனில் இருக்கிற ஆர்சனிக்கில் பெரும்பகுதி உடம்புக்குக் கெடுதல் செய்யாத கரிம வடிவம். மொத்த அளவை மட்டும் சொன்னால் வீண் பயம்தான் மிஞ்சும். வடிவம் வாரியாகப் பிரித்து அளக்கப் பணமும் கருவியும் எங்களிடம் இல்லை. எதை அளக்கமாட்டேன் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள், பின்னால் நிம்மதியாக இருக்கும்.

முதலில் பண விஷயம், ஏனென்றால் வீட்டில் முதலில் கேட்பது அதைத்தான். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்திருந்தது. அப்போது மாதம் 25,000 ரூபாய். 2019இல் 31,000 ஆனது, 2023 தொடக்கத்திலிருந்து 37,000. இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். என்கிற முதுநிலை உதவித்தொகைக்கு மாறினால் இன்னும் கொஞ்சம் கூடும். காகிதத்தில் மாதாமாதம் என்று இருந்தாலும், நான் இருந்த நிறுவனத்து அலுவலகத்தில், ஆய்வில் தொடர்கிறேன் என்கிற உறுதிச் சான்று ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆறேழு மாதத்துக்கு ஒன்றுமே வராமல், பிறகு மொத்தமாக வரும். ஊரில் எல்லாரும் நான் சம்பளம் வாங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி எனக்கு விடுதி வாடகை அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய சங்கிலி அடகுக் கடையில் இருந்தது எனக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு ஆய்வகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இன்னொன்று, ஜே.ஆர்.எஃப்., எஸ்.ஆர்.எஃப். இரண்டும் சேர்த்து 5 ஆண்டுகள்தான். ஆய்வு அதைத் தாண்டி இழுத்தால் கைக்காசு. எனக்கு 2022இல் நின்றுபோனது, கடைசி ஆண்டு முழுக்கக் கடனில் ஓடியது. ஆகவே சேர்ந்தவுடன் முதல் மொத்தத் தொகை வரும்போது, நான்கைந்து மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வையுங்கள். விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படி உண்டா என்று கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தானாகச் சொல்வதில்லை. ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு படிப்பை விட்ட அக்காமார்கள் பலருக்கு இது தெரியாது. நெட் தேர்வில் நச்சியல் என்று தனிப் பாடம் கிடையாது. உயிர் அறிவியல், வேதி அறிவியல், சுற்றுச்சூழல் அறிவியல் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும்.

அடுத்தது கருவி. மீனில் காரீயம் கோடியில் சில பங்கு அளவில் இருக்கும். அதைச் சரியாக அளக்க, மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் கண்டுபிடிக்கிற ஐ.சி.பி.எம்.எஸ். மாதிரியான கருவி வேண்டும். எங்கள் துறையில் இருந்த கருவி நான் சேர்ந்த நாளிலிருந்தே பழுது. ஆள் வருவார், பார்ப்பார், உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்பார். ஓராண்டு காத்திருந்துவிட்டு, பணம் கட்டி வெளியே ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தோம். ஒவ்வொரு மாதிரிக்கும், ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனிக் கட்டணம். திட்டப் பணம் போக என் கையிலிருந்து மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனது. அனுப்பும்போது ஒரு காரியம் செய்தேன், அதுதான் என்னைக் காப்பாற்றியது. ஒரே மீனின் பொடியை இரண்டாகப் பிரித்து, வேறு வேறு எண் போட்டு, அவர்களுக்குத் தெரியாமல் கலந்து வைத்தேன். முடிவு வந்தபோது ஒரே மீனுக்கு ஒன்றில் ஒரு மதிப்பு, இன்னொன்றில் அதைப்போல ஆறு மடங்கு. தரச்சான்றுப் பொருள் ஓட்டினீர்களா என்று கேட்டால் பதிலே இல்லை. அதாவது கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகம் தயாரிக்கிற டார்ம் வகை மீன் புரதப் பொடி மாதிரி, உள்ளே எந்த உலோகம் எவ்வளவு என்று ஏற்கெனவே உறுதி செய்யப்பட்ட பொருளை நம் மாதிரியோடு சேர்த்து அளக்கவேண்டும். அதற்குச் சரியான எண் வந்தால்தான் நம் எண்ணை நம்பலாம். ஒரு சின்னப் பாட்டில் பல ஆயிரம் ரூபாய், வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லித் தட்டிக் கழித்துவிட்டார்கள். பணம் திரும்பி வரவில்லை. முடிவுகள் அத்தனையையும் தூக்கிப் போட்டேன். இந்த எண்களை வைத்தே கட்டுரை போட்டுவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று அக்கறையோடு சொன்னவர்கள் இருந்தார்கள். என் அப்பா பிடித்து வருகிற மீனைப் பற்றித் தெரிந்தே பொய் எழுத எனக்குக் கை வரவில்லை.

சேர்வதற்கு முன்பே கைடிடம், அதாவது ஆய்வு வழிகாட்டியிடம், நேராகக் கேளுங்கள்: என் மாதிரியை எந்தக் கருவியில் அளப்போம், அது இன்றைக்கு ஓடுகிறதா, கடைசியாக அதில் யார் அளந்தார்கள், தரச்சான்றுப் பொருள் வாங்கப் பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது? கேட்டால் கோபப்படுகிற கைடு என்றால் அதுவும் ஒரு தகவல்தான். வெளியே கொடுப்பதானால் பரிசோதனைக் கூடங்களுக்குத் தரப்படும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அந்த அங்கீகாரம் மீனுக்கும் நீங்கள் கேட்கிற உலோகத்துக்கும் சேர்த்து இருக்கிறதா என்று பட்டியலில் பாருங்கள். தண்ணீருக்கு வாங்கிய சான்றைக் காட்டி மீனை அளக்கிறவர்கள் உண்டு. மாதிரி எடுக்கிற இடத்திலேயே அசுத்தம் சேரும் என்பதும் நினைவிருக்கட்டும். துருப்பிடித்த கத்தி, ஏலக்கூடத்துத் தரை, படகு எஞ்சின் புகை எல்லாமே உலோகத்தைச் சேர்க்கும். நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் டப்பா, பீங்கான் கத்தி, வெளி அசுத்தம் எவ்வளவு என்று பார்க்க ஒவ்வொரு தொகுதியோடும் வெறும் அமிலம் மட்டும் உள்ள ஒரு குப்பி. இவை இருந்தால் பின்னால் வாதாடலாம்.

மறுபடி மாதிரி சேர்த்துக்கொண்டு 2020க்கு வந்தேன். மார்ச்சில் ஊரடங்கு. இரவோடு இரவாகத் துறையைப் பூட்டினார்கள், நான் ஊருக்கு வந்துவிட்டேன். டீப் ஃப்ரீசர் இணைப்பு எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. திரும்பிப் போய்த் திறந்தபோது உள்ளே எதுவும் மிஞ்சவில்லை. அந்த நாற்றத்தை என்னால் எழுத முடியாது. இரண்டு பருவத்து மீன், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஒன்று, வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கிற காலத்தில் ஒன்று. யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியாத இழப்பு. பிறகு வேறு நிறுவனத்து மூத்த ஆய்வாளர் ஒருவர் சொன்னார்: சதையை உறைகுளிரில் உலர்த்திப் பொடியாக்கிவிட்டால் மின்சாரம் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் இருக்கும், அதில் ஒரு பங்கை வேறு கட்டடத்தில் வை. சூட்டில் காயவைத்தால் பாதரசம் கொஞ்சம் ஆவியாகிப் போகலாம், அதனால் உறைகுளிர் உலர்த்தல்தான் நல்லது. மூன்றாவது முறை சேர்த்த மாதிரிகளை அப்படித்தான் வைத்தேன். ஒரு பங்கு எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டப்பாவில் இருந்தது. அம்மா அதைச் சாமி சாமான் மாதிரிப் பார்த்துக்கொண்டார்.

மாதிரி சேர்ப்பதில் எனக்கு மட்டும் இருந்த ஒரே வசதி ஊர்தான். எந்த மீன் எந்தக் கடலில் வந்தது என்று வெளியாள் கேட்டால் சரியாகச் சொல்லமாட்டார்கள். அப்பாவும் சித்தப்பாவும் எனக்காகத் தனியே எடுத்து வைப்பார்கள். "இது தென்கடல் விளமீன், இது தேவிபட்டினம் பக்கம் வந்த காரல், கலக்காம வச்சுக்க பாப்பா" என்று தனித்தனிப் பையில் தருவார்கள். கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், தொண்டி என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு தெரிந்த வீடு வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. அந்தக் காலத்தில் மாதிரி நாட்டுப்படகு மீனாக மட்டுமே இருக்கும் என்பதை அட்டவணை போடும்போதே கணக்கில் எடுங்கள். தீவுகளும் அதைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் அங்கே எதையும் எடுக்கக்கூடாது. கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. ஆராய்ச்சிக்குத்தானே என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால்கூட வாங்காதீர்கள், மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டுமாக இருக்காது. கொடுத்தவரும் சேர்ந்து மாட்டுவார்.

உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். மீன் சதையைக் கரைக்க அடர் நைட்ரிக் அமிலத்தில் சூடாக்குவோம். அந்த ஆவியை வெளியே இழுத்துவிடவேண்டிய எங்கள் கூடத்து ஃப்யூம் ஹூட் சத்தம் போடும், காற்றை இழுக்காது. ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதத்தை அதன் வாயில் பிடித்துப் பாருங்கள். உள்பக்கமாக வளையாவிட்டால் அங்கே அமிலம் திறக்காதீர்கள். எனக்குப் பல மாதம் இருமல் நிற்கவில்லை. கோவிட் என்று ஊரில் ஒதுங்கிப் போனார்கள். துணி முகக்கவசமோ என்95 கவசமோ அமில ஆவியைத் தடுக்காது. அதற்கென்று உள்ள வடிகட்டிக் குப்பி பொருத்திய முகமூடி வேண்டும். நைட்ரிக் புகையை நன்றாக இழுத்துவிட்டால் உடனே ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். புகையை இழுத்த அன்றைக்குத் தனியாகத் தூங்காதீர்கள், மருத்துவரிடம் என்ன ஆவி என்று பெயரோடு சொல்லுங்கள். கையுறை போட்டிருக்கிறோம் என்கிற தைரியமும் வேண்டாம். அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியை கேரன் வெட்டர்ஹான் 1996இல் டைமீதைல் பாதரசத்தின் சில துளிகளை லேட்டக்ஸ் கையுறை மேல் சிந்தினார். அது நொடிகளில் கையுறையைத் தாண்டிவிட்டது. அறிகுறி தெரியவே மாதங்கள் ஆனது, 1997 ஜூனில் இறந்துபோனார். உலோக நச்சை ஆழமாக அறிந்த விஞ்ஞானி அவர். அன்றைய விதிப்படி சரியான கையுறையைத்தான் போட்டிருந்தார். எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை என்று ஒவ்வொரு முறையும் பட்டியலைப் பாருங்கள். பழுதான ஹூட் பற்றி எழுத்தில் புகார் கொடுத்து நகல் வையுங்கள். நான் வாயால் சொன்னதெல்லாம் காற்றோடு போனது, எழுதிக் கொடுத்த பிறகுதான் மோட்டார் மாற்றினார்கள்.

இனி எனக்கு மிகவும் வலித்த விஷயம். 2022இல் முதல் கட்டுரை வெளிவந்தது. அட்டவணையில் எல்லா எண்ணும் உலர் எடைக்கு. ஆராய்ச்சியில் அப்படிக் கொடுப்பது வழக்கம், மேலேயே உலர் எடை என்று போட்டிருந்தது. ஆனால் உணவுக்கான வரம்புகள் பச்சை மீனின் எடைக்கு விதிக்கப்பட்டவை. சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் மீனில் காரீயத்துக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். என் அட்டவணையில் ஒரு மீனுக்கு உலர் எடையில் 1 மில்லிகிராம். மீனில் 78 சதவீதம் ஈரம் என்றால் பச்சை எடையில் அது 0.22தான், வரம்புக்குள் இருக்கிறது. என்னைக் கேட்காமல் நிறுவனத்திலிருந்து ஒரு செய்திக்குறிப்பு போனது. ஒரு நாளிதழில் எங்கள் கடற்கரை மீனில் வரம்பைவிட மூன்று மடங்கு காரீயம் என்று வந்துவிட்டது. கட்டுரையில் நான் தெளிவாக எழுதியிருந்த ஒப்பீட்டை யாரும் படிக்கவில்லை.

2018 ஜூலையில், மீன் கெடாமலிருக்க ஃபார்மலின் ரசாயனம் கலக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது மீன் விற்பனை எப்படி விழுந்தது என்று கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். அதே பயம் திரும்பி வந்தது. வியாபாரிகள் விலையை இறக்கினார்கள். ஏலக்கூடத்தில் ஒருவர் அப்பாவிடம், "ஒம் மகதான் எழுதிச்சாமே" என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டார். அம்மாதான் கேட்டார்: "நீ பொய் எழுதலைல்ல தாயி?" இல்லை என்றேன். "அப்ப வந்து ஊர்ல சொல்லு." நான் அன்றிரவே பேருந்து ஏறினேன். வழியெல்லாம் பயம், அதைவிட அவமானம். நான் படித்த படிப்பு எங்கள் தெருவின் ஒரு வாரச் சோற்றைப் பறித்துவிட்டது என்று நெஞ்சு அடைத்தது.

ஊர்க் கூட்டத்தில் பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), உலர் எடை என்று ஆரம்பித்தேன், யாருக்கும் ஏறவில்லை. அப்போது மணலில் காய்ந்துகொண்டிருந்த காரல் கருவாட்டைக் காட்டி, ஒரு கிலோ பச்சைக் காரல் காய்ந்தால் எவ்வளவு தேறும் என்று பெண்களிடம் கேட்டேன். கால் கிலோ தேறும் என்றார்கள். போனது தண்ணீர் மட்டும்தான், மீனில் இருந்த காரீயம் எங்கும் போகாது, ஒரு கிலோவில் இருந்தது அப்படியே கால் கிலோவுக்குள் நிற்கும், நான் எழுதியது கருவாட்டுக் கணக்கு, அரசு வரம்பு பச்சை மீன் கணக்கு என்றேன். ஒரே நிமிடத்தில் புரிந்துகொண்டார்கள். அதோடு விடவில்லை. பாசி எடுக்கிற ஓர் அக்கா கேட்டார்: "அப்ப கருவாட்டுல நாலு மடங்கு இருக்குல்ல? நாங்க கருவாடு திங்கிறோமே?" என் வைவாவில்கூட யாரும் அவ்வளவு நல்ல கேள்வி கேட்கவில்லை. கிலோவுக்குப் பார்த்தால் இருக்கிறது அக்கா, ஆனால் ஒரு வேளைக்கு எத்தனை துண்டு கருவாடு சாப்பிடுகிறீர்கள், பச்சை மீன் எத்தனை துண்டு சாப்பிடுகிறீர்கள், அதைப் பொறுத்துத்தான் உடம்புக்குள் போவது என்றேன். நச்சியலின் அடிப்படையே அதுதான். 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் அளவுதான் நஞ்சைத் தீர்மானிக்கிறது என்று சொன்னதிலிருந்து இன்றைய ஆபத்து மதிப்பீடு வரை அந்த அக்காவின் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு பொருளில் நஞ்சு இருப்பது வேறு, அது யார் உடம்பில் எவ்வளவு போகிறது என்பது வேறு.

திருத்தம் சில வாரம் கழித்து உள்பக்கத்தில் நான்கு வரியாக வந்தது. விலை மெல்ல ஏறிவிட்டது. அந்த வாரங்களில் எங்கள் கரையில் போன பணத்தை யாரும் திருப்பித் தரவில்லை. சிலர் என்னோடு பழையபடி பேச ஓராண்டு ஆனது. உங்கள் கட்டுரையின் சுருக்கத்திலேயே பச்சை எடை மதிப்பையும் வரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். கட்டுரை வெளிவரும் முன்பே, சாப்பிடலாமா கூடாதா, யாருக்கு, வாரத்துக்கு எவ்வளவு என்று ஒரு பக்கம் எளிய தமிழில் எழுதி வைத்து, மாதிரி கொடுத்த ஊரில் முதலில் படித்துக் காட்டுங்கள். உங்கள் பெயரில் எந்தச் செய்திக்குறிப்பும் உங்களிடம் காட்டாமல் போகக்கூடாது என்று கைடிடம் மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் ஆய்வின் இரண்டாம் பாதியை மாற்றினேன். ஆபத்துக் கணக்கில் ஒருவர் நாளைக்கு எவ்வளவு மீன் சாப்பிடுகிறார் என்று ஒரு எண் போடவேண்டும். பெரும்பாலான கட்டுரைகளில் நாட்டின் சராசரியைப் போட்டுவிடுவார்கள். மீனே தொடாதவர்களையும் சேர்த்துப் போட்ட சராசரி அது. எங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. வீடு வீடாகப் போய் சமையல் பாத்திரத்தில் இருந்த துண்டுகளைத் தராசில் நிறுத்தேன், அக்காமார்கள் சிரித்துக்கொண்டே காட்டினார்கள். மீதைல் பாதரசத்துக்கு உலக அளவிலான நிபுணர் குழு 2003இல் வைத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரத்தில் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 96 மைக்ரோகிராம். ஒரு பேச்சுக்கு, பெரிய மீன் ஒன்றில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் இருந்தால், வாரம் 240 கிராமிலேயே வரம்பு தொட்டுவிடும். 0.05 இருக்கிற சின்ன மீன் என்றால் ஒன்றே முக்கால் கிலோ தாண்டிச் சாப்பிடலாம். சூடை, நெத்திலி, காரல் மாதிரிச் சின்ன மீன்கள் கொஞ்ச காலமே வாழ்வதால் பாதரசம் குறைவாகச் சேர்க்கும். மற்ற மீன்களைத் தின்று பல ஆண்டு வாழும் பெரிய சுறாவும் பெரிய சூரையும் கூடுதலாகச் சேர்க்கும். கழுவினாலும் வறுத்தாலும் போகாது, சதையின் புரதத்தோடு ஒட்டியிருக்கும்.

மதினிக்குக் குழந்தை பிறந்த நேரம் அது. பால் ஊற சுறாப்புட்டு செய்துபோட அம்மா தயாராக இருந்தார். வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லில் சொல்ல எனக்கு மனமில்லை, அது எங்கள் பாட்டி காலத்து அன்பு. பெரிய சுறா வேண்டாம், கர்ப்பமாக இருக்கிறவர்களும் பால் கொடுக்கிறவர்களும் சுறாவைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் சொல்கிறது, மத்தியும் நெத்திலியும் போடுவோம், பிள்ளை மூளைக்கு வேண்டிய கொழுப்பும் அதில் இருக்கிறது என்றேன். அம்மா கொஞ்சம் முறைத்துவிட்டு மத்தி வாங்கிவந்தார். நண்டு ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புப் பகுதியிலும் கணவாய்க் குடலிலும் காட்மியம் தங்கும். நண்டுச் சதை நன்றாகச் சாப்பிடலாம், அந்தப் பகுதியைச் சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி ஊட்டவேண்டாம். மீன் சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லி நான் யாரிடமும் சொன்னதில்லை, அதற்கு என் எண்களில் காரணமும் இல்லை.

வேலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டம் வாங்கியபின் ஓராண்டு விண்ணப்பம் போட்டேன். நச்சியலாளர் என்ற பெயரில் நம் பக்கம் அரசுப் பணியிடங்கள் மிகக் குறைவு. லக்னோவில் 1965இல் சிப்தே ஹசன் சைதி தொடங்கி, இன்று இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் கூடம், ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம், கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவற்றின் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வு எழுத நினைத்தால், எந்த முதுநிலைப் பட்டம் எந்தப் பிரிவுக்குச் செல்லும் என்ற பட்டியலை எம்.எஸ்சி. சேரும் முன்பே பார்க்கவேண்டும். முனைவர் பட்டம் வாங்கிய பிறகு பார்த்துப் பயனில்லை. தனியார் பக்கம் மருந்து, பூச்சிக்கொல்லிகளைச் சோதிக்கிற ஜி.எல்.பி. (நல்ல ஆய்வக நடைமுறை) தரக் கூடங்கள் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் நிறைய உண்டு. இந்தியாவின் ஜி.எல்.பி. தரவுகளை 2011 முதல் ஓ.இ.சி.டி. என்கிற பொருளாதாரக் கூட்டமைப்பின் நாடுகளும் ஏற்றுக்கொள்வதால் அங்கே வேலை இருக்கிறது. ஆனால் அவர்கள் கேட்பது விலங்குச் சோதனை அனுபவமும் மருந்தியலும். அந்த வழிக்கு நைப்பர் என்கிற தேசிய மருந்தியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களின் மருந்தியல் நச்சியல் முதுநிலைப் படிப்பு நேராக இட்டுச்செல்லும், என்னைப்போல விலங்கியல் வழியாகச் சுற்றவேண்டாம். எனக்குக் கடைசியில் சென்னையில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் ஆபத்து மதிப்பீட்டு வேலை கிடைத்தது. வீடு வீடாகத் தராசு தூக்கிப் போன அனுபவத்தைத்தான் நேர்காணலில் அரை மணி நேரம் கேட்டார்கள்.

சேரப் போகிற ஆய்வகத்தில் கைடைப் பார்த்த பிறகு, நான்காம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு ஸ்காலர் யாரையாவது தனியாகப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப்போங்கள். உதவித்தொகை கடைசியாக எந்த மாதம் வந்தது, மாதிரியை எங்கே அளக்கிறீர்கள், ஹூட் ஓடுகிறதா, முன்னால் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் இன்னொரு ஆய்வகத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உதவித்தொகைக் கடிதம், செலவு ரசீது, புகார் நகல், மாதிரிக் குறிப்பேடு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டில் யாராவது ஒருவர் எண்ணுக்கும் அனுப்பிவிடுங்கள். என் அசல் குறிப்பேடு அலுவலக அறை மாற்றத்தில் காணாமல் போனது. தம்பி போனில் இருந்த படங்களை வைத்துத்தான் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை எழுதி முடித்தேன்.